கிரேனின் இடது கால்

கிரேன் வேலையை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் எப்போதும் மேலேதான் பார்க்கும். காற்றில் ஆடுகிற பொருளைப் பார்க்கும், கொக்கியைப் பார்க்கும், பெல்ட் அறுந்துவிடுமோ என்று வாயைப் பிளந்து நிற்கும். தரையைப் பார்க்கிற ஆள் அந்த இடத்தில் ஒருத்திதான் இருப்பாள். கிரேனை இயக்குகிறவள்.

அவளுக்குத் தொழில் வட்டாரத்தில் ரசமட்டம் என்று பெயர். முகத்துக்கு நேராக அக்கா என்பார்கள். தலை மறைந்ததும் ரசமட்டம் ஆகிவிடுவாள். லாரியின் பக்கவாட்டில், நெம்புகோல்களுக்கு மேலே, ஒரு சின்னக் கண்ணாடிக்குள் குமிழ் ஒன்று மிதக்கும். லாரி நேராக நின்றால் குமிழ் நடு வட்டத்தில் நிற்கும். லாரி சாய்ந்தால் உயரமான பக்கமாக ஓடிவிடும். அதுதான் ரசமட்டம். குமிழ் வட்டத்துக்குள் வராமல் அவள் எதையும் தூக்கியதில்லை. இந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைத் தொட்டு நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். “கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் ஒரு தடவை நேரா நிக்க வச்சுப் பாத்தா,” என்று அவள் கணவன் புதிதாகப் பழகுகிறவர்களிடம் சொல்வான். அவன்தான் பெல்ட் கட்டுகிறவன், லாரி ஓட்டுகிறவன், மேலே ஏறி நின்று கைகாட்டுகிறவன். தூக்குவது அவள்.

அவள் இந்த வேலைக்கு வந்தது தொலைபேசி வழியாக. வாடகைக்குக் கிரேன் லாரி அனுப்பும் யார்டு ஒன்றில் அழைப்புகளை எடுத்துப் பேசுகிற வேலை அவளுக்கு. எங்கே, எப்போது, எவ்வளவு எடை என்று கேட்டால் போதும். ஆனால் லாரிகள் போன இடத்தில் தூக்க முடியாமல் திரும்பி வருவதும், வந்தவர்கள் அவள் மேசையைச் சுற்றி நின்று திட்டுவதும் வாடிக்கையாக இருந்தது. “மண்ணு தரைம்மா. கிரேன் காலை ஊன்றினா புதையுது. போன்லயே கேக்கத் தெரியாதா?” அதிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். மண்ணா, கல்லா? பக்கத்தில் பள்ளம் தோண்டி மூடியிருக்கிறார்களா? கீழே குழாய் போகிறதா? அழைத்தவர்கள் எரிச்சல்பட்டார்கள். “நான் தூக்கச் சொன்னது பீரோவை. நீங்க வீட்டுக்கு அடியில தேடுறீங்க.” அவள் விடவில்லை. இரண்டு மழைக்காலம் போவதற்குள், அந்த யார்டில் தரையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்றாகிவிட்டது. ஓர் ஆப்பரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டபோது, யார்டுக்காரர் அவளைப் பார்த்து, “இத்தனை கேள்வி கேக்குறியே, நீயே போய்த் தூக்கிட்டு வா,” என்றார். கோபத்தில் சொன்னதுதான். அவள் மறுநாள் காலையில் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

லாரி மேல் உட்கார்ந்திருக்கிற கிரேனுக்குக் கை ஒன்று, கால் இரண்டு. வேலையில்லாத நேரத்தில் கை வெட்டுக்கிளியின் கால் போல முதுகுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். விரித்தால் மாடியை எட்டும். அது நீள்வதைத்தான் ஊர் பார்க்கும். கால் இரண்டும் லாரியின் வயிற்றுக்குள்ளிருந்து பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீளும், பிறகு தரையை அழுத்திக்கொண்டு நிற்கும். கை இடப்பக்கம் நீண்டால், லாரியின் எடையும் சரக்கின் எடையும் சேர்ந்து இடது காலில் வந்து உட்காரும். அந்தக் கால் நிற்கிற இடம் ஒரு தட்டு அளவுதான். அதனால் அதற்கு அடியில் தடிமனான பலகை வைப்பார்கள். செருப்பு என்று அதற்குப் பெயர். தரையில் சந்தேகம் இருந்தால் செருப்பு போதாது, கட்டை வேண்டும். ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும் இரண்டு மரக்கட்டைகளைச் சந்தேகப்பட்ட இடத்துக்குக் குறுக்கே போட்டு, எடையை இரண்டு பக்கமும் கெட்டியான தரைக்குக் கடத்திவிட வேண்டும்.

இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதனால்தான் பல் டாக்டர் வீட்டு வேலையை அவளால் எந்தச் சமாதானமும் சொல்லித் தள்ளிவிட முடியவில்லை.

குறுகலான தெரு. டாக்டர் புதிதாக வாங்கிய நாற்காலி இரண்டாம் மாடிக்குப் போக வேண்டும். மாடிப்படி திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி ஏறியது, நாற்காலி போகாது. பால்கனியின் கம்பியை அறுத்து எடுத்து வைத்திருந்தார்கள். லாரி எதிர்ப்பக்கச் சுவரை உரசிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. இடது கால் நடைபாதைக்குத்தான் நீள வேண்டும், பால்கனிக்கு நேராக அங்கே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது கட்டடத்துச் சுவரோரமாக மேசை போட்டுத் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரரின் இடம்.

அவர் வயதில் பெரியவர். லாரி நின்ற உடனேயே அவளைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார்.

“எவ்வளவு இடம் வேணும் தங்கச்சி? மேசையை நகர்த்தினா போதுமா, நானும் நகரணுமா?”

“நீங்களும்தாண்ணே. உங்களைத் தூக்கி மேல வச்சிட்டா டாக்டர் பல்லைப் புடுங்கிடுவாரு.”

“புடுங்க என்ன இருக்கு? இருக்கிறதே நாலு,” என்று அவர் மேசையை இழுத்துக்கொண்டு போனார்.

மேசை நகர்ந்ததும் அடியில் ஒரு சதுரக் கல் தெரிந்தது. சிமெண்ட் பலகை. ஓரங்களில் மண் அடைத்த இரண்டு இரும்பு வளையங்கள். அவள் வழக்கம் போலக் கடப்பாரையை எடுத்து வந்து தட்டினாள். கெட்டித் தரை டொக்கென்று சொல்லும், அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் கல் தொம்மென்றது. கீழிருந்து இன்னொரு தொம் பதில் சொன்னது.

கட்டைகள் யார்டில் கிடந்தன. நாற்காலிக்கு இடம் வேண்டும் என்று காலையில்தான் இறக்கி வைத்தார்கள். போய் எடுத்து வரலாம். ஆனால் லாரியைக் கிளப்ப வேண்டும், தெருவைத் திறக்க வேண்டும், நெரிசலில் போய்த் திரும்ப வேண்டும், மறுபடியும் தெருவை அடைக்க வேண்டும். அதற்குள் தெரு நிறைந்துவிட்டிருந்தது. இரண்டு முனையிலும் வண்டிகள். கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கைகளில் செல்போன்கள் உயர்ந்தன. மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்ட ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார்.

“பொம்பளையா தூக்குறது? அப்ப மத்தியானச் சாப்பாட்டை இங்கயே வரவழைச்சிடலாம்.”

சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. தெருவில் காத்துக்கிடக்கிறவர்கள் பொழுதுபோகாமல் சிரிக்கிற சிரிப்பு.

“டாக்டர், கொஞ்சம் பெரிய கிரேனா, ஆம்பளை ஆளா பாத்துக் கூப்பிட்டிருக்கலாம்,” என்றார் இன்னொருவர்.

டாக்டர் நெளிந்தார். “எல்லாரும் என் நாற்காலியைப் பாத்துப் பயப்படுவாங்க. இன்னைக்கு நான் பயப்படுறேன். நீங்க பொறுமையா செய்யுங்கம்மா.”

இந்தப் பேச்சை அவள் கேட்காத தெரு கிடையாது. பதில்களும் கையிருப்பில் உண்டு. ஆனால் அன்றைக்கு, கையில் கடப்பாரையோடு, காதில் அந்தத் தொம் இன்னும் அடங்காமல் நின்றபோது அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கட்டை எடுத்து வர வேண்டும் என்று இப்போது வாய் திறந்தால், ஹெல்மெட்காரர் சொன்னது சரியாகிவிடும். தெரு முழுக்க மத்தியானம் வரை சிரிக்கும். வேறெங்கும் அவள் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இதுக்குக் கீழ என்ன இருக்கு? இஸ்திரிக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நிறுத்த வேண்டும். அதனால் கேட்கவில்லை.

கல்லின் மேல் செருப்பை வைத்தாள். இடது காலை இறக்கினாள். குமிழ் வட்டத்துக்குள் வந்து நின்றது.

நாற்காலி எழுந்தபோது தெரு அமைதியானது. பிளாஸ்டிக் சுற்றிய நாற்காலி, தலைசாய்ப்பும் கைப்பிடியுமாக, ஆளில்லாமல் எல்லோர் தலைக்கும் மேலே மெல்ல ஏறியது. பால்கனியில் கணவன் நின்று கையை மடக்கி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வா, வா, இன்னும் கொஞ்சம். கிரேனின் கை நீண்டது. அவன் எட்டி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தான்.

அப்போதுதான் கேட்டது. முட்டியை மடக்கி எழும்போது எலும்பு சொடுக்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தெருவில் யார் காதிலும் விழவில்லை. அவள் கைக்குள் நெம்புகோல் ஒரு கணம் இலேசானது. குமிழ் வட்டத்தை விட்டு வலப்பக்கம் நழுவியது. இடது கால் இறங்கியிருந்தது.

பின்னுக்கு இழுப்பதற்கு ஆகும் நேரத்தை விட முன்னே கொண்டுபோய் வைப்பதற்கு ஆகும் நேரம் குறைவு. வைத்தாள். நாற்காலி பால்கனியில் உட்கார்ந்தது. கணவன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். தெரு கைதட்டியது. ஹெல்மெட்காரர்தான் பலமாகத் தட்டினார்.

கையை மடக்கி, காலைத் தூக்கி, செருப்பை எடுத்தபோது அவள் பார்த்தாள். கல்லின் குறுக்கே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நூல் பிடித்த மாதிரி ஒரு விரிசல்.

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பியை அறுத்தபோது உதிர்ந்த சிமெண்ட் தூள் நடைபாதை ஓரம் குவிந்து கிடந்தது. அவள் பூட்ஸால் அதைத் தள்ளினாள். விரிசல் மேல் பரப்பினாள். பாதத்தை இடமும் வலமும் ஆட்டித் தேய்த்துவிட்டாள். யோசித்துச் செய்ததாகத் தோன்றவில்லை. பாதம் தானாகப் போய்ச் செய்தது போல இருந்தது. ஆனால் பாதம் அவளுடையதுதான்.

“முடிஞ்சுதா தங்கச்சி?” என்று இஸ்திரிக்காரர் மேசையை இழுத்துக்கொண்டு வந்தார். பழைய இடத்திலேயே போட்டார். வயரை மாட்டினார். கல்லின் நடுவில் போய் நின்றார். “இனிமே இந்த இடத்துக்கு மரியாதையே தனி. கிரேன் கால் வச்ச இடமாச்சே.”

அவள் சிரித்தாள். லாரியில் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள்தான் பேச்சு. கணவன் சாப்பிட்டுக்கொண்டே மொத்த வேலையையும் மறுபடி தூக்கி இறக்கினான். கல்லூரியில் படிக்கிற மகள் செல்போனை நீட்டினாள்.

“அம்மா, உன்னை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். பாட்டு வேற சேத்திருக்கான். எத்தனை பேரு பாத்திருக்காங்க பாரு.”

“அதை அந்தப் பக்கம் வை. சாப்பிடு.”

“கடைசி வரைக்கும் பாரும்மா. நாற்காலி போனதும் நீ ஒரு ஸ்டெப் போடுற. செம ஸ்டெப்.”

பார்த்தாள். மூலையில் சின்னதாக அவள். தலை குனிந்து, பூட்ஸை இடமும் வலமும் ஆட்டி, தூளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. மகள் எழுந்து நின்று அதே மாதிரி ஆடிக் காட்டினாள். கணவன் வாயில் சாப்பாட்டோடு சிரித்தான்.

“என்னடி இது, கையே வைக்காம உக்காந்திருக்க?” என்றான் மனைவியின் தட்டைப் பார்த்து.

“பசிக்கல.”

டாக்டரின் எண் இருந்தது. பின்கட்டுக்குப் போய் அழைத்தாள். கல் உடைந்திருக்கிறது, அந்த இடத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். அவ்வளவுதான், சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. டாக்டர் அழைப்பை எடுத்ததும் மூச்சுவிடாமல் நன்றி சொன்னார். நாற்காலியில் தானே படுத்துப் பார்த்தாராம். குடும்பத்தோடு வந்தால் எல்லோருக்கும் பல் சுத்தம் செய்து அனுப்புவாராம்.

“நாற்காலி ஆடாம நிக்குதா டாக்டர்?” என்றாள் அவள்.

“பாறை மாதிரி நிக்குதும்மா.”

“சரிங்க.” வைத்துவிட்டாள்.

பிறகு கொஞ்ச நேரம் தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். லாரியைத் தாங்கிய கல் ஒரு மேசையைத் தாங்காதா? தாங்கலாம். விரிசல் மேலோடு நின்றிருக்கலாம். கீழே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இதே பேச்சை வேறொரு ஆப்பரேட்டர் வந்து அவளிடம் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ‘உங்க வீட்டு ஆளை அதுல நிக்க வைப்பியா’ என்று கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு சாவியைப் பிடுங்கி வைத்திருப்பாள். படுத்தபோதும் அந்தக் கேள்வி கூடவே படுத்தது.

மறுநாள் ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை தூக்குகிற வேலை. யார்டில் கணவன் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கட்டைகளின் பக்கம் போய் நின்றாள்.

“இதை ஏத்தணும். ஒரு கை கொடுங்க.”

“போர்டு தூக்க எதுக்குக் கட்டை? தார் ரோடு.”

“போர்டுக்கு இல்ல. டாக்டர் வீட்டுக்கு.”

சொன்னாள். தட்டியது, தொம்மென்றது, கேட்காமல் விட்டது, சத்தம், விரிசல், தூள். ஒன்றையும் விடவில்லை. அவன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான். முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ கணக்குப் போடுகிறவன் போலக் கண்ணைச் சுருக்கினான்.

“சத்தம் கேட்டப்போ நான் மேல நின்னேன்ல?”

“ம்.”

“நாற்காலியைப் புடிச்சிக்கிட்டு.”

“ம்.”

“பால்கனியில கம்பியும் இல்ல.”

முந்தைய நாள் முழுக்க இஸ்திரிக்காரரைப் பற்றி நினைத்தவள், இதை நினைக்கவே இல்லை. கால் இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் கிரேனின் கை தாழ்ந்திருக்கும், நாற்காலி வெளியே சரிந்திருக்கும், அதைக் கட்டிப் பிடித்திருந்தவனும் அதோடு போயிருப்பான். அவன் அவளைப் பார்க்காமல் கட்டையின் மறுமுனையைக் குனிந்து பிடித்தான்.

“தூக்கு,” என்றான்.

லாரி ஓட்டும்போது வாய் ஓயாத மனிதன் அவன். அன்று வழி முழுக்க இன்ஜின் மட்டும் பேசியது.

தெருவுக்குள் திரும்பியதும் முதலில் மேசையைத் தேடினாள். இருந்தது. மேசைக்குப் பின்னால் அவர் இருந்தார். பக்கத்தில், அதே கல்லின் மேல், தோளில் தூங்குகிற குழந்தையோடு ஒரு பெண் துணிக்காகக் காத்து நின்றாள். லாரி முழுதாக நிற்பதற்குள் அவள் குதித்து இறங்கினாள்.

“வாங்க தங்கச்சி. டாக்டருக்கு இன்னொரு நாற்காலியா? ஊர்ல அவ்வளவு பல்லு வலியா?”

“அண்ணே, மேசையை நகர்த்தணும். நீங்களும் வெளிய வாங்க. ஏம்மா, நீங்க குழந்தையோட ரோட்டுக்கு வந்துடுங்க.”

அந்தப் பெண் லாரியையும் அவளையும் பார்த்துவிட்டு நகர்ந்தாள். இஸ்திரிக்காரர் நகரவில்லை.

“இப்பதான் சூடு ஏறியிருக்கு. இந்தச் சட்டையை முடிச்சிடுறேன்.”

“கல்லு சரியில்லண்ணே.”

“எந்தக் கல்லு? இதா?” அவர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு, காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். “நேத்து உங்க லாரியைத் தாங்கின கல்லு இது. நான் ஒரு கைப்பிடி எலும்பு.” இன்னொரு மிதி. தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்றாவது மிதிக்குக் காலைத் தூக்கினார்.

அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுமாறி ரோட்டில் வந்து விழாத குறையாக நின்றார். தெரு திரும்பிப் பார்த்தது. முன்பின் பழக்கமில்லாத பெண் வயதில் பெரியவரைப் பிடித்து இழுப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“சட்டை தீயுது,” என்றது ஒரு குரல்.

கணவன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மேசையை நடைபாதையிலிருந்து இழுத்தான். யாரும் கல்லில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டான். இஸ்திரிக்காரர் கருகிய சட்டையைத் தூக்கிப் பிடித்தார். “வாத்தியார் சட்டை தங்கச்சி. நான் என்ன சொல்லுவேன்?” என்றார். கோபம் வருமா வராதா என்று அவருக்கே தெரியாத குரல்.

அவள் லாரியை இரண்டு ஆள் தூரம் முன்னே தள்ளி நிறுத்தச் சொன்னாள். கடப்பாரையால் ஒவ்வோர் இடமாகத் தட்டினாள். காலுக்கு அடியில் கட்டைகளைப் போட்டாள். குமிழைப் பார்த்தாள். கணவன் வளையங்களிலிருந்து மண்ணைக் கிளறி எடுத்து, எட்ட நின்றபடி கம்பியால் தள்ளிச் சங்கிலியின் கொக்கிகளை மாட்டினான். கூட்டத்தைக் கையை விரித்துப் பின்னுக்குத் தள்ளினான். பிறகு அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். காலையிலிருந்து அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

கல் ஒரு சாண் எழுந்தது. நடுவில் மடிந்தது. உள்ளே இருந்த கம்பிகள், துருப்பிடித்து நாராகிப்போனவை, ஒரு கணம் இழுத்துப் பிடித்தன. பிறகு ஒவ்வொன்றாக விட்டன. ஒரு பக்கத்து வளையம் பிய்த்துக்கொண்டது. பாதிக் கல் சங்கிலியில் ஆட, மறுபாதி கீழே போனது. சத்தம் உடனே வரவில்லை. பிறகு ஆழத்திலிருந்து தண்ணீர் அறைபட்ட சத்தம் வந்தது.

பழைய தண்ணீர்த் தொட்டி. கட்டடத்துக்கு மாடியில் தொட்டி வைத்த பிறகு இதை மூடிவிட்டு எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். எட்டிப் பார்த்தவர்களுக்கு அடி தெரியவில்லை. சங்கிலியில் ஆடிய பாதியை அவள் ரோட்டோரமாக இறக்கி வைத்தாள்.

கூட்டம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. நல்ல வேளை என்றது. அந்தக் குழந்தையை நினைச்சுப் பாருங்க என்றது. “இந்தம்மா மட்டும் வந்து பாக்கலேன்னா?” என்றது. குழந்தையோடு நின்ற பெண் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். நேற்று தட்டிய அதே கைகளாகவும் இருக்கலாம். செல்போன்கள் உயர்ந்தன.

இஸ்திரிக்காரர் கருகிய சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“எங்கம்மா வயித்துல பொறக்கல, அவ்வளவுதான். நேத்து ஒரு தடவை கால் வச்சதுக்கே கல்லோட குணம் தெரிஞ்சு, வேலையை விட்டுட்டு ஓடி வந்திருக்க பாரு. என் உசுரு நீ கொடுத்தது தங்கச்சி.”

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. எதுவும் சொல்லாமல் தலையை ஆட்டினால் போதும். சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டு பெயர்ப்பலகை வேலைக்குப் போகலாம். தெரு வருடக்கணக்கில் அவளைப் பற்றி நல்லதாகப் பேசும். ஆனால் அவள் நெம்புகோலை விட்டு விலகி வந்தாள்.

“அதை உடைச்சதே நான்தாண்ணே.”

“என்னது?”

“நேத்து. தட்டினப்பவே உள்ள காலியா இருக்குன்னு தெரியும். கட்டை எடுத்து வந்து போட்டிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்கன்னு போடாம காலை ஊனினேன். உடைஞ்சுது. பாத்தேன். சிமெண்ட் தூளைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டேன்.”

கைதட்டல் முன்வரிசையில் நின்றது, பிறகு பின்வரிசையில் நின்றது. என்ன சொன்னாள் என்று பின்னால் இருந்தவர்கள் கேட்க, முன்னால் இருந்தவர்கள் திரும்பிச் சொன்னார்கள்.

இஸ்திரிக்காரர் பள்ளத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நான் மேசையை இழுத்துப் போட்டப்போ நீ இங்கதான் நின்ன.”

“ஆமாண்ணே.”

“சிரிச்ச.”

“ஆமா.”

“நேத்து இருட்டுற வரைக்கும் இதுலதான் நின்னேன். எம் பேத்தி வந்து மேசைக்கு அடியில உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா.”

அவர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ள ஓர் இடமாவது கிடைத்திருக்கும். அவர் திரும்பி, நடுரோட்டில் நின்ற மேசையின் ஒரு முனையைப் பிடித்து எதிர்ப்பக்கத்துக்கு இழுத்தார். அவள் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள்.

“விடுங்க மேடம்,” என்றார் அவர். “நானே இழுத்துக்கிறேன்.”

அவள் கையை எடுத்தாள். மேசையின் கால்கள் தார் மேல் கிறீச்சிட்டுக்கொண்டே போயின.

கட்டடத்துச் சொந்தக்காரரை டாக்டர் அழைத்துப் பேசினார். புது மூடி வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். பெயர்ப்பலகைக் கடையிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. கணவன் எடுத்து, இன்றைக்கு வர முடியாது, காரணத்தை நேரில் வந்து சொல்கிறோம் என்றான். பிறகு லாரியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்தான்.

“நீங்க போய் உக்காருங்க. நான் பாத்துக்குறேன்,” என்றாள்.

“இருக்கேன்,” என்றான். ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவள் பள்ளத்தின் இந்தப் பக்கம் கட்டை மேல் உட்கார்ந்தாள். காலையில் இருந்த கூட்டம் கலைந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் தெருவில் வந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள், ஒன்றும் தெரியாதவர்கள். வந்து நின்றார்கள், எட்டிப் பார்த்தார்கள், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். முதல் ஆளுக்குப் பதில் சொல்ல அவள் எழுந்து நின்றாள். எதிர்ப்பக்கம் இஸ்திரிக்காரர் புது இடத்தில் மேசை ஆடாமல் இருக்க அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அந்தக் கேள்வி வரும்போதும் அவர் கை நிற்பதை அவள் பார்த்தாள்.

காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் வந்தார். பள்ளத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“நல்ல கல்லைப் போய் இப்படி உடைச்சுப் போட்டிருக்கானே. யாரும்மா செஞ்ச வேலை இது?”

“நான்தாங்க,” என்றாள் அவள். “ஓரத்துல மண்ணு சரியும். அந்தப் பக்கமா சுத்திப் போங்க.”